முனி மிதித்த பெடல்

வட்டகொடை ஸ்டேஷனில் இறங்கி, "பிரேக் சாமி எங்கே இருக்கிறார்?" என்று யாரிடமும் கேட்க வேண்டாம். கூட்டம் போகிற பக்கம் போனால் போதும். கூட்டம் போகிற பக்கம் போவதற்கு நமக்குச் சொல்லியா தர வேண்டும்?

மூன்று மைல் ஏறினால் ஊசிமலைத் தோட்டம். அதன் வாசலில் ரோடு வளைகிற ஒரு முடக்கு. முடக்கின் வலது ஓரத்தில் முனி கோயில். கோயில் என்றதும் கோபுரம் தேடாதீர்கள். ஒரு கல், ஒரு சூலம், போன மாதம் வைத்த ஒரு பெரிய உண்டியல். இடது ஓரத்தில், பத்தடி பின்னால் தள்ளி, மீனம்மாவின் தகரக் கடை. ரொட்டி, கட்டச் சம்பல், பிளேன்டீ. அவ்வளவுதான் மொத்த ஊரும்.

இந்த முடக்குக்குத்தான் பஸ் பிடித்து வந்தார்கள். ஹட்டனிலிருந்து வந்தார்கள். நோட்டன் பிரிட்ஜிலிருந்து வேன் பேசிக்கொண்டு வந்தார்கள். சொந்தமாக ஒரு சைக்கிள்கூட இல்லாதவர்கள் வரிசையில் நின்று காலில் பிரேக் கயிறு கட்டிக்கொண்டார்கள். ஒரு அம்மா தன் வீட்டுக்காரரைக் கையோடு இழுத்து வந்திருந்தார்.

"இவருகிட்ட வண்டி இல்லீங்க சாமி."

"பின்ன எதுக்கும்மா கயிறு?"

"கள்ளுத் தவறணையப் பாத்தா இந்த மனுசனுக்குப் பிரேக்கே புடிக்க மாட்டேங்குது. ரெண்டு காலுக்கும் கட்டுங்க."

கட்டினார். ரெண்டு காலுக்கும் தனித்தனியாகத் தட்சணை.

இத்தனைக்கும் காரணம் மூன்று கார்கள். ஆறே வாரத்தில், ஒன்றன்பின் ஒன்றாக, அதே முடக்கில், நேரே தேயிலைக்குள் பாய்ந்தன. வேகமாக வந்த கார்கள் இல்லை. கோயிலுக்கு முன்னால் நின்று சாமி கும்பிட்டுக்கொண்டிருந்த கார்கள்! நின்ற கார் எப்படிப் பாயும்?

முதல் கார் யோகேஸ்வரனுடையது. அறுபத்தெட்டு வயது. இந்தத் தோட்டத்தில் முப்பத்தைந்து வருடம் கொழுந்து லொறி ஓட்டியவர். ஒரு கோழியைக்கூட அடித்தது கிடையாது. மகன் கட்டாரிலிருந்து காசு அனுப்பி, கிளச் இல்லாத ஒரு ஓட்டோ கியர் கார் வாங்கிக் கொடுத்திருந்தான். அதுதான் நாலு வரிசைத் தேயிலையைச் சாய்த்துவிட்டு மூக்கு உடைந்து நின்றது.

"பிரேக்கதான் மிதிச்சேன். மிதிக்க மிதிக்க வண்டி பாயுது. யாரோ எங்காலு மேல உக்காந்து அமுக்குற மாதிரி இருந்துச்சு!" என்றார்.

இரண்டாவது, குணரத்தினம் மாஸ்டர். யாழ்ப்பாணத்துக்காரர். இங்கே பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்று இங்கேயே தங்கிவிட்டவர். விஞ்ஞானம்! கொலர் எலும்பு முறிந்து கட்டுப்போட்டுக்கொண்டு அவர் சொன்னார்: "நான் பிரேக்கைத்தான் அமத்தினனான். அதில ஒரு சந்தேகமும் இல்லை. இது மனுச வேலையில்லை கண்டியளோ."

மூன்றாவது ஒரு கடை முதலாளி. அவரும் பிரேக்தான். மூன்று பேர், மூன்று பிரேக், ஒரே முடக்கு. போதாதா?

கோயில் கமிட்டிச் செயலாளர் துஷாந்த் போனைத் தூக்கி வீடியோ போட்டான். 'காலை அமுக்கும் முனி முடக்கு'. இரண்டே நாளில் லட்சம் பேர் பார்த்தார்கள். அந்த லட்சத்தில் ஒருவர், கினிகத்தேனையில் போன் கவர் விற்றுக்கொண்டிருந்த அழகன். நாற்பது வயது. வியாபாரம் மந்தம். மூன்றாம் நாள் ஊசிமலையில் வந்து இறங்கியபோது அவருக்குத் தாடி இருந்தது, காவி இருந்தது, பெயர் 'பாதபைரவ சுவாமி' என்றிருந்தது. தாடி எப்படி மூன்று நாளில் வந்தது என்று கேட்காதீர்கள். கேட்கிற பழக்கம் இருந்திருந்தால் இந்தக் கதையே வந்திருக்காது.

மக்கள் அந்த நீளப் பெயரை வாயில் நுழைக்க முடியாமல் 'பிரேக் சாமி' ஆக்கிவிட்டார்கள்.

பிரேக் சாமி சூலத்துக்கு முன்னால் உட்கார்ந்து உடுக்கை அடித்தார், ஆடினார், முனியைக் கண்ணால் கண்டேன் என்றார். பரிகாரம் சொன்னார். வண்டிக்காரர்கள் இனிமேல் சும்மா கும்பிட்டால் போதாது. செருப்பைக் கழற்றி, உடம்பை முழுசாக முனி பக்கம் திருப்பி, கண்ணை மூடி, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, இருபத்தொரு தடவை மந்திரம் சொல்ல வேண்டும். வலது கணுக்காலில் கறுப்புக் கயிறு. பிரேக் பெடலுக்கு அடியில் மந்திரித்த எலுமிச்சம்பழம்.

பிரேக்குக்கு அடியில் பழத்தை வைத்தால் பிரேக் எப்படி இறங்கும்?

"நம்பிக்கை இருந்தா இறங்கும்" என்றார் சாமி.

பரிகாரம் செய்யத் தொடங்கிய ஒரு மாதத்தில் இன்னும் நான்கு கார்கள் தேயிலைக்குள் போயின. நான்கு பேர் காலிலும் கயிறு இருந்தது. நீங்களும் நானும் என்ன நினைப்போம்? கயிறு வேலை செய்யவில்லை என்று நினைப்போம். ஊர் என்ன நினைத்தது? கயிறு கட்டியதால்தான் உயிர் பிழைத்தார்கள் என்று நினைத்தது. வரிசை இரண்டு மடங்கானது.

ஆனால் ஏழு கார் என்பது சாமிக்கே கொஞ்சம் உறுத்தியிருக்கும். பழியை இறக்கிவைக்க ஒரு இடம் வேண்டுமே. ஒரு செவ்வாய்க்கிழமை உடுக்கையை நிறுத்திவிட்டு, நேரே மீனம்மாவின் கடையைக் கை காட்டினார்.

"அந்த வீட்டு ஆம்பள எங்க?"

"செத்துட்டாருங்க சாமி, ரெண்டு வருசமாச்சு" என்றான் துஷாந்த்.

"வண்டி ஓட்டினவன்தான?"

"ஆமாங்க! சின்னராசா. கொழுந்து லொறி."

"வலது கால் இல்லாதவன்தான?"

கூட்டம் அரண்டுபோனது. சின்னராசாவுக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, முற்றி, ஆஸ்பத்திரியில் வலது காலை எடுத்த பிறகுதான் செத்தார். அது ஊசிமலை முழுக்கத் தெரியும். அந்தச் செவ்வாய்க்கு முந்தைய நாள் சாமி துஷாந்த் வீட்டில்தான் சாப்பிட்டார் என்பதும் ஊசிமலை முழுக்கத் தெரியும். இரண்டையும் ஒருவரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

"தனக்கு இல்லாத காலத் தேடுறான். கண்டவன் காலயெல்லாம் புடிக்கிறான். பொண்டாட்டி இங்க ரொட்டி சுடுற வரைக்கும் அவன் இந்த முடக்க விட்டுப் போகமாட்டான். வெள்ளிக்கிழம உச்சிக்குள்ள கடையப் பிரிச்சுடணும்."

அந்த நிமிடத்திலிருந்து மீனம்மாவின் ரொட்டியைத் தொட ஆளில்லை. மகள் தனுஷிகா ஹட்டனில் உயர்தரம் படிப்பது அந்த ரொட்டியில்தான். கணவரின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு இருந்ததையெல்லாம் விற்றுவிட்டு, தகரம் பத்துத் தாளில் எழுப்பிய கடை அது.

மீனம்மா யோகேஸ்வரன் வீட்டுக்குப் போனார்.

"அண்ணே, அவரோட எத்தன வருசம் ஒண்ணா வேல செஞ்சீங்க? அவரு ஒங்க காலப் புடிப்பாரா? நீங்க ஒரு வார்த்த சொன்னா கமிட்டி கேக்கும்."

யோகேஸ்வரன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "என்னைப் பொய் சொல்லச் சொல்றியா புள்ள? நான் மிதிச்சது பிரேக்கு. முப்பத்தஞ்சு வருசம் மிதிச்ச காலு இது. எனக்குத் தெரியாதா பிரேக்கு எதுன்னு?"

"அப்ப எம் புருசந்தான் பேயா?"

முப்பத்தைந்து வருடப் பெயரைக் காப்பாற்ற ஒரு செத்த நண்பன் பேயாகிவிட்டுப் போகட்டுமே!

வியாழக்கிழமை மத்தியானம் கடைக்கு ஒரே ஒரு ஆள் வந்தாள். நிஷாந்தி. தலவாக்கலையில் வாகனம் ஓட்டப் பழக்குகிறவள். முப்பது வயது, வாய் நீளம். எல் போர்ட் காரைப் பின்னால் நிறுத்திவிட்டு வந்து மூன்று ரொட்டி கேட்டாள்.

"ஏங்கடையில சாப்புட்டா கால் போயிருமாம் தங்கச்சி. யோசிச்சுக்க."

"எனக்கு ரெண்டு இருக்குக்கா. சம்பல் கொஞ்சம் கூடப் போடுங்க."

மீனம்மா சம்பலை வைத்துவிட்டு அங்கேயே நின்றார். "தங்கச்சி, எனக்கு வண்டியப் பத்தி ஒண்ணும் தெரியாது. ஒண்ணு கேக்கவா? பிரேக்குப் புடிச்சா பின்னாடி செவப்பு லைட்டு எரியும்தான?"

"எரியும்."

"கட்டாயம் எரியுமா?"

"காலு பட்டாலே எரியும். என்ஜின் ஓடாட்டியும் எரியும்."

"நான் இங்கனதான நிக்கிறேன். இந்தக் கல்லடுப்புல நின்னா நிக்கிற காரோட பின்பக்கந்தான் தெரியும். ஏழு காரும் பாயுறத நாந்தான் பாத்தேன். ஒண்ணுக்குக்கூட லைட்டு எரியல."

நிஷாந்தி ரொட்டியை வாய்க்குக் கொண்டுபோன கையை அப்படியே நிறுத்தினாள். "இத யாருகிட்டயாவது சொன்னீங்களாக்கா?"

"யாரு கேட்டா?"

ஏழு விபத்தையும் கண்ணால் கண்ட ஒரே சாட்சி. லட்சம் பேர் வீடியோ பார்த்தார்கள். ஒரு ஆள்கூட அவரிடம் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை. காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் கொடுத்தவர்கள்கூட மலைக்கு ஏறாமல் முடக்குக்கு வந்துவிட்டார்கள். தோட்டத்துத் துரை திட்டினால் திட்டட்டும், பேய் தினமுமா போகும்? துஷாந்த் லைவ் தொடங்கிவிட்டான். நாலு பேர் நெம்பிப் பெயர்க்கும் அலவாங்கோடு மீனம்மாவின் தகரத்துக்குப் பக்கத்தில் தயாராக நின்றார்கள். மீனம்மா கடைக்குள் உட்கார்ந்திருந்தார். "பிரிக்கிறவங்க என் மேல வுழுந்து பிரிங்கடா" என்று ஒரு தடவை சொன்னார்.

நிஷாந்தி நடுவில் வந்து நின்றாள்.

"சாமி, கும்புடுறேன். நீங்க முனியக் கண்ணால பாப்பீங்கதானே?"

"உன்னப் பாக்குற மாதிரி பாப்பேன்."

"அப்ப இத்தன பேரு வந்திருக்காங்க, ஒருக்கா பாத்துக் காட்டுங்க. யோகேஸ்வரன் ஐயா அவரு கார்ல உக்காந்து எப்பவும் போலக் கும்புடட்டும். நான் கையில இருக்கிற இந்தத் தகரத் துண்டுல தட்டுவேன். தட்டுனதும் அவரு பிரேக்க மிதிக்கட்டும். நீங்க காருக்கு முன்னால நின்னு, முனி அவரு கால்ல இருக்கா இல்லையான்னு மட்டும் சொன்னாப் போதும். என்ஜின் நிப்பாட்டித்தான் இருக்கும், சில்லுக்குக் கல்லு வச்சிருவோம். யாருக்கும் ஆபத்தில்ல."

சாமி தாடியைத் தடவினார். ஏதோ பொறி மாதிரித் தெரிந்திருக்கும். ஆனால் துஷாந்த் விடுவானா?

"செய்ங்க சாமி! லைவ்ல இப்பவே ஆறாயிரம் பேரு! வியூஸ் அள்ளும்!"

சொந்த விளம்பரக்காரனே கழுத்தைப் பிடித்துத் தள்ளினால் சாமி என்ன செய்வார்? காருக்கு முன்னால் போய் நின்றார். கூட்டத்தைக் காரின் பின்பக்கம் வரச்சொன்னாள் நிஷாந்தி. "எல்லாரும் அந்தச் செவப்பு லைட்ட மட்டும் பாருங்க. காலு பிரேக்ல பட்டா எரியும். படாட்டி எரியாது. இதுக்கு மந்திரம் தேவையில்ல."

யோகேஸ்வரன் சீற்றில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். உடம்பை வலது பக்கம் திருப்பி, கண்ணை மூடி, கையைத் தூக்கினார். மந்திரம் தொடங்கியது.

டணார்!

மிதித்தார்.

"வந்துட்டான்! முனி வந்துட்டான்!" என்று சாமி முன்னால் நின்று நடுங்கினார். பின்னால் சிவப்பு லைட் பளிச்சென்று எரிந்தது. கூட்டம் ஒன்றும் புரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்தது.

இரண்டாம் தட்டு. "வந்துட்டான்!" லைட் எரிந்தது. யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள்.

மூன்றாம் தட்டு. "ரெண்டு கையாலயும் அமுக்குறான்!" லைட் எரிந்தது. "சாமி, அமுக்குனாலும் சரியாத்தான் அமுக்குறான்!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

சிரிப்புச் சத்தம் முன்னால் வரைக்கும் கேட்டிருக்க வேண்டும். சாமி வழியை மாற்றினார். நான்காவதுக்கு, "இப்ப இல்ல." ஐந்தாவதுக்கும் இல்லை. ஆறாவதுக்கு, "முனியக் கட்டிட்டேன். இனி இந்தக் கால்ல ஏறவே மாட்டான்!" என்று முடிவாகச் சொன்னார். எல்லாவற்றுக்கும் லைட் எரிந்தது. சிலர் கைதட்டினார்கள். சாமி பிழைத்துவிட்டார் போலத்தான் இருந்தது.

ஏழாவது தட்டுக்கு நிஷாந்தி நேரம் எடுத்தாள். யோகேஸ்வரன் இருபத்தொன்றையும் சொல்லி முடித்து, கொஞ்சம் தளர்ந்து, உடம்பு இன்னும் முனி பக்கம் சாயும் வரைக்கும் பேசாமல் இருந்தாள். பிறகு கார்க் கதவுக்குப் பக்கத்திலேயே வந்து தகரத்தில் ஓங்கி அடித்தாள். "ஐயா, வண்டி ஊருது!"

யோகேஸ்வரன் அலறிக்கொண்டு மிதித்தார். கார் பூராவும் ஆடியது.

லைட் எரியவில்லை.

பின்னால் நின்றவர்கள் எக்கி எக்கிப் பார்த்தார்கள்.

"சாமி, முனி இருக்கா?" என்று கேட்டாள் நிஷாந்தி.

"அதான் கட்டிட்டேன்னு சொன்னேனே!"

"ஐயா, ஒங்க காலு இப்ப எதுல இருக்கு?"

"பிரேக்குல! நல்லா அமுக்கிக்கிட்டுத்தான் இருக்கேன்!"

"எடுக்காதீங்க. அப்படியே வச்சுக்கிட்டு, குனிஞ்சு பாருங்க."

யோகேஸ்வரன் குனிந்தார்.

குனிந்தவர் நிமிரவில்லை. பெரிய பாதம், கணுக்காலில் கறுப்புக் கயிறு, எக்சிலேட்டரை அடித்தட்டு வரைக்கும் அமுக்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். சட்டென்று காலை மாற்றிவிட்டு, 'பிரேக்தான்' என்று சொல்லியிருக்கலாம். லைட் பியூஸ் போச்சு என்றுகூடச் சொல்லியிருக்கலாம், இந்தக் கூட்டம் நம்பியிருக்கும். அலவாங்கு பிடித்த நாலு பேரும் அவர் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கதவைத் திறந்து இறங்கினார். சாமியைப் பார்க்கவில்லை. நேரே கடை வாசலுக்குப் போனார்.

"மீனம்மா. ஓம் புருசன் இல்ல. நாந்தான்."

மீனம்மா தலையைத் தூக்கினார்.

"எக்சிலேட்டர மிதிச்சுக்கிட்டுப் பிரேக்குன்னு சொல்லியிருக்கேன். அன்னைக்கும் இதுதான். சின்னராசா மேல பழி போட்டுட்டேன் புள்ள."

கூட்டத்துக்கு இது லேசில் இறங்கவில்லை. "அது எப்படிங்க முப்பத்தஞ்சு வருசம் ஓட்டின மனுசனுக்குத் தெரியாமப் போகும்?" என்று அலவாங்குக்காரர் ஒருவர் கேட்டார்.

"முப்பத்தஞ்சு வருசம் ஓட்டினதாலதான்" என்றாள் நிஷாந்தி. "லொறிய இங்க நிப்பாட்டினா என்ன செய்வீங்க ஐயா?"

"நியூட்ரல்ல போட்டு, ஹேண்ட் பிரேக்க இழுத்துட்டு, கால எடுத்துட்டுக் கும்புடுவேன்."

"இதுல?"

"இதுல... அப்படியே கால எடுத்துட்டுக் கும்புடுவேன்."

"இது ஓட்டோ. கியர்ல விட்டுட்டுக் கால எடுத்தா தானா ஊரும். ஊருதேன்னு பதறி மிதிக்கிறீங்க. ஒடம்பு முனி பக்கம் திரும்பி இருக்கு, முழங்காலும் அந்தப் பக்கம் சாஞ்சிருச்சு. பிரேக்குன்னு நெனச்ச எடத்துல இருக்கிறது எக்சிலேட்டர். வண்டி பாயும். பிரேக் பத்தலையேன்னு இன்னும் அமுக்குவீங்க. நல்லாத் திரும்பிக் கும்புடுங்கன்னு சாமி சொன்னாரு, நல்லாப் பாஞ்சுச்சு."

"வயசானவங்களுக்குத்தான் இது வருமோ?" என்று கொலர் எலும்பைத் தடவிக்கொண்டு கேட்டார் குணரத்தினம் மாஸ்டர்.

"எங்கிட்டப் பழகுற பதினெட்டு வயசுப் பொடியனும் மாத்தி மிதிப்பான் சேர். ஆனா சட்டுனு கால எடுத்துருவான். வயசானா காலு மரத்திருக்கும், தப்பு நடந்தது தெரியுறதுக்கே நேரம் போகும். அதுக்குள்ள தேயிலைக்குள்ள."

மாஸ்டர் மெல்லச் சொன்னார்: "நான் படிப்பிச்ச பாடம். எனக்குத்தான் ஏறேல்லை."

இவ்வளவும் நடந்துகொண்டிருக்கும்போது பிரேக் சாமி எங்கே? உடுக்கையைப் பையில் போட்டுக்கொண்டு தன் வேனில் ஏறிவிட்டிருந்தார். புது வேன். ஓட்டோ கியர். நெற்றியில் நூற்றெட்டு எலுமிச்சம்பழ மாலை.

"சாமி ஓடுறாரு!" என்று ஒரு பெண் கத்தினாள். கூட்டம் திரும்பியது. சாமி வேனை எடுத்துவிட்டு, துரத்துகிறார்களா என்று வலது பக்கம் ஜன்னலால் முழுசாகத் திரும்பிப் பார்த்தார். யாரோ குறுக்கே வந்தார். சாமி மிதித்தார்.

முன்னூறு பேரும் ஒரே நேரத்தில் வேனின் பின்பக்கத்தைப் பார்த்தார்கள். முன்னூறு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்:

"லைட்டு எரியல!"

வேன் உண்டியலை இடித்துச் சாய்த்து, ஆறு வரிசைத் தேயிலையைத் தாண்டி, ஒரு சவுக்கு மரத்தில் முட்டி நின்றது. எலுமிச்சம்பழங்கள் மலையிறங்கி ஓடின.

முதலில் ஓடிப் போனது மீனம்மாதான், கையில் தண்ணீர்ச் செம்போடு. சாமிக்கு நெற்றியில் ஒரு வீக்கம், தாடி ஒரு பக்கம் கழன்று தொங்கியது.

"ரெண்டு காலும் இருக்கா பாத்துக்கங்க சாமி. எம் புருசன் ஒண்ணத் தூக்கிட்டுப் போயிருக்கப் போறாரு."

பொலிஸ் வந்தது. சார்ஜன்ட் புத்தகத்தைத் திறந்து, "மொகத வுனே?" என்று கேட்டார். என்ன நடந்ததாம். துஷாந்தின் லைவ் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்த அவனுக்குக் கை வரவில்லை.

முனி அமுக்கியது என்றா சொன்னார் சாமி? செத்த டிரைவர் காலைப் பிடித்தான் என்றா? இல்லை. சுத்தமான சிங்களத்தில், பணிவாக, பதற்றத்தில் கால் மாறி எக்சிலேட்டரை மிதித்துவிட்டேன் ஐயா, என்னுடைய தவறுதான், என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். அழகன், கினிகத்தேனை. முகவரியில் பாதபைரவர் யாரும் இல்லை.

பொலிஸ்காரரிடம் முனி செல்லாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நம்மிடம் செல்லும் என்றும் தெரிந்திருக்கிறது. சாமிக்குச் சக்தி இல்லை என்று யார் சொன்னது? ஆள் பார்க்கும் சக்தி நிறையவே இருந்திருக்கிறது.

மீனம்மா கடை அங்கேயேதான் இருக்கிறது. அலவாங்கு பிடித்த நாலு பேரும் இப்போது அங்கேதான் சாப்பிடுகிறார்கள். வெட்கம் ரொட்டிக்குத் தடையாக இருப்பதில்லை. யோகேஸ்வரன் கியரைப் பார்க்கில் போட்டு, என்ஜினை அணைத்து, இறங்கிப் போய்த்தான் கும்பிடுகிறார். அந்த முடக்கில் அதற்குப் பிறகு ஒரு காரும் பாயவில்லை. முனிக்கும் நிம்மதி.

ஒன்றை மட்டும் கணக்குப் பாருங்கள். அந்தக் கல்லுக்கு முன்னால் ஊரே ஒரு மாதம் குனிந்தது, இருபத்தொரு தடவை, நூற்றெட்டுத் தடவை. காலடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க ஒரே ஒரு தடவை குனிந்திருந்தால் போதும். அதற்கு மட்டும் நமக்கு முதுகு வளையவில்லை.